அந்தமான் ஈரக்காற்றில் கறுக்கும் சுவர்கள்: எந்தக் கட்டடத்துக்கு எந்தக் கழுவும் முறை?

அந்தமான் நிகோபார் தீவுகளில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்கிறது. மழை ஓயும்போது வீட்டுச் சுவர்களும் கடை முகப்புகளும் கறுத்தும் பச்சை படர்ந்தும் நிற்கின்றன. அவற்றை உயர் அழுத்த நீர் இயந்திரம் நொடியில் வெளுப்பாக்கிவிடும் என்பது உண்மையே. ஆனால், எல்லாச் சுவர்களும் அந்த வேகத்தைத் தாங்கா.

சுவரின் கறுமை பெரும்பாலும் அழுக்கு அன்று; பாசியும் பூஞ்சையும் படர்ந்ததன் விளைவு. வீட்டு உபயோக இயந்திரங்களே 100 பார் அளவுக்கு மேல் அழுத்தம் தரக்கூடியவை. அந்த நீர் மேற்பரப்பைச் சுரண்டும். நுண்துளைகளில் தங்கிய பூஞ்சை அடுத்த மழையில் மீண்டும் தழைக்கும். விரிசல் வழியே புகும் நீர் கான்கிரீட்டினுள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும்.

வர்ணம் பூசிய சுவர்களுக்கு, நீர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலைத் தெளித்து, அது காயும் முன் குறைந்த அழுத்த நீரால் அலசுவதே ஏற்றது. இக்கரைசலை அமிலத்துடனோ அமோனியா கலந்த திரவத்துடனோ சேர்த்தால் நச்சுவாயு உண்டாகும். கழிவறை கழுவும் அமிலம் பல வீடுகளில் அருகிலேயே இருப்பதால் இதில் கவனக்குறைவு ஆபத்தானது.

தகரக் கூரைக்கு இதே கரைசல் பகை, துருவை விரைவுபடுத்தும். அங்கே அகற்ற வேண்டியது கடற்காற்று கொண்டுவரும் உப்பு. அதற்கு வெறும் நன்னீரும் மென்மையான தூரிகையும் போதும். மழை படாத இறவாரத்தின் அடிப்பகுதியில்தான் உப்பு அதிகம் தேங்கும். கூரையைக் கழுவுவோர் அதனை மறந்துவிடுகின்றனர். மழைநீர் சேகரிக்கும் வீடுகளில் தொட்டிக் குழாயை முதலில் பிரித்துவிட வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் அழுத்த நீரும் உலர்ந்த துடைப்பமும் கூடவே கூடாது. நுரையீரலைத் தாக்கும் இழைகள் காற்றில் பரவும்.

1906-இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறை போன்ற பழைய செங்கல் கட்டடங்களில் பூக்கும் வெண்ணிற உப்பை நீர் ஊற்றி நீக்க முயல்வது வீண். கரைந்த உப்பு மீண்டும் செங்கல்லுக்குள்ளேயே இறங்கும்; உலர்ந்த தூரிகையால் தேய்த்தெடுப்பதே முறை.

அழுத்த இயந்திரம் பொருந்துமிடம், விடுதி முற்றங்களிலும் கடை வாசல்களிலும் வழுக்கும் கான்கிரீட் தளம். திறந்த குழாயைவிட அது குறைந்த நீரையே செலவிடும். ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேருக்கு தனிக்காரி அணையே முதன்மை நீராதாரம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை குறைவதால், கழுவும் பணியை டிசம்பர் இறுதிக்குள் முடித்துக்கொள்வது நல்லது.