கோப்பு ஏன் சேமிக்கப்படவில்லை?

வன்னிப் பெருநிலத்தில் ஏடும் எழுத்தும் பட்ட பாடு சிறிதன்று. 2008ஆம், 2009ஆம் ஆண்டுகளில் கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் மக்கள் இடம்பெயர்ந்து, பெயர்ந்த இடத்திலிருந்து மீண்டும் பெயர்ந்து சென்றபோது, பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் காணி அனுமதிப்பத்திரமும் வழியிலே தொலைந்து போயின. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி வழங்கப்பட்ட ஓர் அனுமதிப்பத்திரமே குடியேற்றத் திட்டங்களில் வாழ்ந்த பல குடும்பங்களுக்கு நிலத்தின் மேலிருந்த ஒரே ஆதாரமாகும். அதை இழந்தவர்களுக்கு அலுவலகத்துப் பதிவேட்டில் உள்ள ஒரு வரியே புகல். அந்த வரி இன்று பெரும்பாலும் கணினிக் கோப்பொன்றில் இருக்கின்றது. ஆகவே, அப்பகுதி அலுவலகமொன்றில் ஒரு கோப்பு சேமிக்கப்படாமற் போவது எழுதுவினைஞரின் எரிச்சலோடு முடிந்துவிடும் காரியமன்று.

ஒரு திங்கட்கிழமைக் காலை எனக் கொள்க. வெள்ளிக்கிழமை மாலை கணினியை நிறுத்தியபோது அது தானாகவே புதிய இற்றைப்படுத்தல்களை ஏற்றுக்கொண்டது. காலையில் எழுதுவினைஞர் வீடமைப்புத் திட்டப் பயனாளிகளின் பட்டியலைத் திறந்து, முப்பது பெயர்களைப் புதிதாகச் சேர்த்து, சேமிக்க முயல்கிறார். ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று திரை கூறுகின்றது. மறுபடி முயல்கிறார், மறுபடி அதே விடை. பின்னர் வேறு பெயரில், வேறு இடத்தில் சேமிக்கிறார். மாலைக்குள் ‘இறுதி’, ‘இறுதி இரண்டு’, ‘உண்மையான இறுதி’ என ஒரே பட்டியல் மூன்றாகிவிடுகின்றது. எது மெய்யான பட்டியல் என்பது அடுத்த வாரம் அவருக்கே ஐயமாகிவிடும். கோப்பு அழிவதைக் காட்டிலும் இவ்வாறு அது பெருகுவதே அலுவலகங்களில் அதிகம் நிகழும் கேடு.

இதன் காரணத்தை அறிய, சேமித்தல் என்பது யாது என முதலில் அறிதல் வேண்டும். ‘சேர்வர்’ என்று வழங்கும் பொதுக் கணினி, பழைய கச்சேரியின் பதிவேட்டு அறையைப் போன்றது. மேசைக் கணினிகள் யாவும் அதனிடம் ஏட்டைக் கேட்டுப் பெற்று, எழுதி, திரும்ப ஒப்படைக்கின்றன. எக்செல் மென்பொருள் பழைய ஏட்டின் மேலேயே எழுதிவிடுவதில்லை. முதலில் அதே கோப்புறையில், பொருளற்ற எட்டு எழுத்துக்களைப் பெயராகக் கொண்ட புதிய கோப்பொன்றை உண்டாக்கி, அதில் முழுவதையும் எழுதுகின்றது. எழுதி முடிந்த பின்னரே பழைய கோப்பை அகற்றி, அதன் பெயரைப் புதியதற்குச் சூட்டுகின்றது. நடுவில் மின்சாரம் நின்றாலும் பழையதோ புதியதோ ஒன்று முழுமையாக எஞ்சும் என்பதே இவ்வேற்பாட்டின் பயன். மின்சாரம் அடிக்கடி கண்சிமிட்டும் ஊர்களுக்கு இது பெருங் காப்பு.

ஆனால் இதிலே ஒரு நுட்பமும் உண்டு. இம்முறையில் சேமிப்பதற்கு எழுதும் அனுமதி மட்டும் போதாது. அக்கோப்புறையில் புதிய கோப்பை ஆக்கவும் பழையதை நீக்கவும் அனுமதி வேண்டும். ‘எழுதலாம், நீக்கலாகாது’ என்று யாரேனும் நல்லெண்ணத்துடன் விதித்திருந்தால், கடைசிப் படியில் எல்லாம் தடைப்பட்டு நின்றுவிடும். நோட்பாட் போன்ற எளிய மென்பொருள் பழைய கோப்பின் மேலேயே எழுதுவதால், அதில் மட்டும் சேமிப்புத் தடையின்றி நடக்கும். எளிய எழுத்துக் கோப்பு சேமிக்கப்படுகிறது, எக்செல் கோப்பு சேமிக்கப்படவில்லை எனின், ஐயம் முதலில் விழ வேண்டிய இடம் இந்த அனுமதியே.

அப்படியாயின் இற்றைப்படுத்தலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? இரு கணினிகள் கோப்புக்களைப் பரிமாறுவதற்கு ஓர் உடன்பாடு உண்டு. எஸ்.எம்.பி. எனப்படும் அவ்வுடன்பாடு 1980களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தில் உருவானது. அதன் முதற் பதிப்பில் இருந்த ஒரு பழுதை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2017 மார்ச் மாதத்தில் திருத்தி வெளியிட்டது. திருத்தத்தை ஏற்காத கணினிகளுள் இரு மாதங்களுக்குள், 2017 மே 12ஆம் திகதி, வனாக்ரை என்னும் பணயத் தீநிரல் புகுந்தது. ஏறத்தாழ 150 நாடுகளில் கோப்புக்கள் பூட்டப்பட்டன. பிரித்தானிய மருத்துவமனைகளும் தப்பவில்லை. அவ்வாண்டின் பிற்பகுதி தொட்டுப் புதிய விண்டோஸ் பதிப்புக்கள் அந்தப் பழைய உடன்பாட்டைத் தாமாக ஏற்பதில்லை. 2024 ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 11இன் பதிப்பு இன்னும் ஒருபடி மேலே சென்றது. கடவுச்சொல் இன்றி விருந்தினராக நுழையும் பழக்கத்தை அது மறுத்தது. போக்குவரத்தின் ஒவ்வொரு பொதியிலும் கடிதத்தின் அரக்கு முத்திரை போன்ற ஓர் ஒப்பத்தைக் கேட்டது. பல ஆண்டுகளுக்கு முன் வாங்கி மூலையில் வைத்த சேமிப்புப் பெட்டிக்கு இவை தெரியாதெனின், வெள்ளிக்கிழமை வரை பேசிய இரு கணினிகள் திங்கட்கிழமை பேசா.

ஆதலால் பழுது நேர்ந்ததும் முதற் கடமை, திறந்திருக்கும் கோப்பை மூடாமல், தன் மேசைக் கணினியிலேயே ஒரு பிரதியைத் திகதியிட்டுச் சேமித்து வைத்தலாகும். அதன் பின்னர் விசாரணை. பொதுக் கோப்புறை திறக்கவே இல்லையா, அல்லது திறந்தும் சேமிக்க முடியவில்லையா? திறக்கவே இல்லையெனின் மேலே கூறிய உடன்பாடோ கடவுச்சொல்லோ காரணமாகலாம். பழைய கணினியின் உள்மின்கலம் தீர்ந்து, மீளத் தொடங்கியபோது அதன் கடிகாரம் பிழையான நாளைக் காட்டுவதுமுண்டு. பெயரும் கடவுச்சொல்லும் மையமாக நிர்வகிக்கப்படும் அலுவலகங்களில் ஐந்து நிமிடத்துக்கு மேற்பட்ட வேறுபாடு இருந்தாலே சேர்வர் அக்கணினியை நம்ப மறுக்கக்கூடும். ஐயாயிரம் ரூபாய் வேலையென்று அஞ்சப்பட்ட பழுது ஒரு சிறு மின்கலத்தோடு தீர்ந்துவிடும்.

திறந்தும் சேமிக்க முடியவில்லையெனின், அது ஒருவருக்கா எல்லோருக்குமா, ஒரு கோப்புக்கா எல்லாவற்றுக்குமா என்று வினவுதல் வேண்டும். ஒரே கோப்பு எல்லோருக்கும் ‘வாசிப்புக்கு மட்டும்’ என்று தோன்றினால், வேறொருவர் அதைத் திறந்து வைத்திருக்கிறார், அல்லது அவர் கணினி இடையில் நின்றதால் அவர் பெயரிலான பூட்டு சேர்வரில் எஞ்சிவிட்டது. இதை அறிய எந்த நிபுணரும் வேண்டியதில்லை. எழுந்து நின்று அலுவலகத்தில் உரக்கக் கேட்டாலே போதும். ஒருவரும் திறக்கவில்லையெனின், சேர்வருக்குப் பொறுப்பானவர் அப்பூட்டை நீக்கலாம். எல்லாக் கோப்புக்களும் எல்லோருக்கும் மறுக்கப்பட்டால் சேர்வரில் இடம் நிரம்பிவிட்டதா என்று பார்ப்பதும் முறை.

தமிழில் பெயரிடும் அலுவலகங்களுக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களின் காலத்தில் கோப்பின் உள்ளே தமிழும் வெளியே ஆங்கிலப் பெயருமாக இருந்தன. யுனிகோட் வந்த பின்னர் பெயரையும் தமிழில் இடலாயிற்று; விரும்பத்தக்க மாற்றமே. எனினும் லினக்ஸ் அடிப்படையிலான சேமிப்புப் பெட்டிகள் பலவற்றில் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேற்படலாகாது. ஆங்கில எழுத்தொன்றுக்கு ஒரு பைட்டு. தமிழ்க் குறியொன்றுக்கு மூன்று. ‘கிளிநொச்சி’ என்பது கண்ணுக்கு ஐந்தெழுத்து. கணினிக்கோ மெய்யின் வடிவும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாதலால் பத்துக் குறிகள், அதாவது 30 பைட்டு. அதனையே ஆங்கிலத்தில் எழுதினால் 11 பைட்டுத்தான். மாவட்டம், பிரதேச செயலகம், திட்டம், ஆண்டு என அனைத்தையும் பெயரிலேயே அடுக்கும் வழக்கம் விண்டோஸ் சேர்வரில் செல்லுபடியாகியிருக்கலாம். பெட்டி மாறிய நாளிலே அந்த நீண்ட பெயர்கள் மறுக்கப்படும். மாவட்டமும் ஆண்டும் கோப்புறைக்குப் பெயராகட்டும். கோப்புக்குச் சிறு பெயர் போதும். கோப்புறைகளையும் அளவின்றி ஒன்றினுள் ஒன்றாக அடுக்கலாகாது. விண்டோஸில் முழுப் பாதையும் 260 குறிகளைத் தாண்டினால் பல மென்பொருள்கள் தடுமாறும்.

இவ்விடர்களுக்கெல்லாம் குறுக்குவழிகள் இரண்டு அலுவலகங்களில் உலவுகின்றன. ஒன்று, எல்லோருக்கும் முழு அதிகாரம் கொடுத்துவிடுவது. மற்றொன்று, இற்றைப்படுத்தலையே நிறுத்திவிடுவது. இரண்டும் அன்றைய வேலையை ஓட்டும், இரண்டும் பிழை. இரண்டாவதன் விலையை இலங்கை அரசு 2023இல் அறிந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் அரசாங்க முகிலமைப்பின் மீது பணயத் தீநிரல் பாய்ந்தது. சுமார் 5000 மின்னஞ்சல் முகவரிகளுக்குரிய மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் மீட்க முடியாமற் போயின. அக்காலத்துக்குரிய காப்புப் பிரதியும் கிடைக்கவில்லை. காலாவதியான 2013ஆம் ஆண்டு மின்னஞ்சல் மென்பொருள் தொடர்ந்து பயன்பட்டமையும், நிதித் தட்டுப்பாட்டால் அதன் மாற்றம் தாமதித்தமையும் அப்போது காரணங்களாகக் கூறப்பட்டன. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. தனியாக நீடிப்புப் பெறாத பழைய கணினிகளுக்குப் புதிய திருத்தங்கள் வருவதில்லை. இற்றைப்படுத்தலை எல்லாக் கணினிகளிலும் ஒரே நாளில் ஏற்காமல், முதலில் ஒன்றில் ஏற்று, ஒரு கோப்பைத் திறந்து சேமித்துப் பார்த்த பின் மற்றவற்றுக்குக் கொண்டுசெல்வதே பொருத்தம். அதற்கு முந்திய மாலை ஒரு காப்புப் பிரதி எடுத்து, சேர்வரோடு இணைக்காத வேறோர் இடத்தில் வைத்தல் வேண்டும்.

பழுது தீர்ந்த பின்னர் கோப்புறையைத் துப்புரவு செய்ய விழைபவர் சற்றுப் பொறுக்க வேண்டும். பொருளற்ற எட்டெழுத்துப் பெயருடன் அங்கே கிடக்கும் கோப்புக்கள் குப்பையாகத் தோன்றலாம். அவை சேமிப்பு இடையில் நின்றபோது எஞ்சியவை. அவற்றின் பிரதியொன்றை எடுத்து, பெயரின் இறுதியில் எக்செல் கோப்புக்குரிய பின்னொட்டைச் சேர்த்துத் திறந்து பார்த்தால், திங்கட்கிழமை காலையில் தட்டச்சிட்ட அந்த முப்பது பெயர்களும் உள்ளே இருக்கக்கூடும்.