ஒரு துண்டுக் காகிதம்

மும்பை பெரிய நகரம். அங்கே பிழைப்புத் தேடிப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் போனார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும் போனார்கள். பலர் தாராவியில் குடியேறினார்கள். தோல் பதனிடும் வேலை செய்தார்கள். குஜராத்திலிருந்து வந்த குயவர்கள் அங்கே பானை செய்தார்கள்.

வேலை கிடைத்தது. ஆனால் வீடு? வாடகை கொடுக்க வசதி இல்லை. தகரமும் தார்ப்பாயும் வைத்துக் குடிசை போட்டார்கள். நகரத்தில் வேறு பலர் நடைபாதையிலேயே குடியிருந்தார்கள்.

ஏன் தூரமாகப் போய்க் குடியிருக்கக் கூடாது? போனால் கூலியில் ஒரு பங்கு ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் போய்விடும். வீட்டு வேலை செய்யும் பெண் நாலு வீடு பார்க்க முடியாது.

குடிசைக்குப் பட்டா இல்லை. அதனால் பல குடிசைகளுக்குக் குழாயும் இல்லை. மாடி வீட்டுக்காரருக்குக் குழாயில் தண்ணீர் வருகிறது. குடிசைக்காரரோ குடம் குடமாக விலைக்கு வாங்குகிறார். ஏழைக்குத்தான் தண்ணீர்ச் செலவு அதிகம்! பட்டா இல்லை என்பதற்காகக் குடிநீரை மறுக்கக் கூடாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2014-இல் கூறியது.

எல்லாவற்றையும்விடப் பெரியது, குடிசையை இடித்துவிடுவார்களோ என்ற பயம். 1981-ஆம் ஆண்டு, மழைக்காலம். நடைபாதைக் குடிசைகளை அகற்ற அரசு முடிவு செய்தது. மக்கள் சும்மா இருக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார்கள்.

1985-இல் தீர்ப்பு வந்தது. பிழைக்க வழி இல்லாமல் உயிர் வாழ முடியுமா? முடியாது. ஆகவே பிழைக்கும் உரிமையும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்றது நீதிமன்றம். ஆனால் நடைபாதையில் குடியிருக்க யாருக்கும் உரிமை இல்லை என்றும் சொன்னது. 1976 கணக்கெடுப்பில் அடையாள அட்டை பெற்றவர்களுக்கு மாற்று இடம் தர வேண்டும் என்றது.

அடுத்தடுத்த இரண்டு குடிசைகள். இரண்டிலும் ஒரே மழைதான் ஒழுகும். ஒரு குடும்பத்திடம் அட்டை இருந்தது. இன்னொரு குடும்பத்திடம் இல்லை. வேறு என்ன வித்தியாசம்?

1995-இல் மகாராஷ்டிர அரசு ஒரு திட்டம் கொண்டு வந்தது. குடிசைக்குப் பதிலாக இலவச மாடி வீடு. 1-1-1995-க்கு முன்பே குடியிருந்தவர்களுக்கு மட்டும். பிறகு அந்தத் தேதியை 1-1-2000 என்று மாற்றினார்கள். “முப்பது வருஷமாக இங்கேதான் இருக்கிறோம்” என்று வாயால் சொன்னால் போதாது. காகிதத்தில் இருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும். ரேஷன் அட்டை, மின்சார ரசீது போன்றவையும் உதவும்.

குடிசையில் தண்ணீர் புகும், தீப்பிடிக்கும். காகிதம் போனால் வீடும் போகலாம். ஆகவே அட்டைகளையும் ரசீதுகளையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேலே வைக்க வேண்டும். நகல் எடுத்து உறவினர் வீட்டிலும் வைக்கலாம். பெயரும் முகவரியும் சரியாக இருக்கின்றனவா என்று எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்க்க வேண்டும். தப்பு இருந்தால் உடனே மனுக் கொடுக்க வேண்டும்.

பேசிப் பாருங்கள்:
1. உங்கள் ரேஷன் அட்டையில் எல்லார் பெயரும் சரியாக உள்ளதா?
2. காகிதம் இல்லாத குடும்பம் எங்கே போகும்?