சிறை முடிந்தும் தனித் தட்டு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் தைப்பிங் சிறை 1879இல் திறக்கப்பட்டது. அதே மாநிலத்தில் இன்று பத்து காஜா, தாப்பா சிறைகளும் உண்டு. ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது, லயம் எனும் தோட்டக் குடியிருப்பைக் காலி செய்து ஈப்போவின் ஓரங்களுக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல. வேலையோடு தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசரும் போய்விட்டார். பிள்ளைகளில் சிலர் போதைப்பொருளில் சிக்கி இந்தச் சிறைகளுக்குள் போனார்கள். 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 15ஆம் பிரிவில், உட்கொண்ட குற்றத்துக்கே ஈராண்டு வரை சிறை விதிக்கலாம்.

உள்ளே போனதும் ரத்தச் சோதனை, எச்.ஐ.வி. இருந்தால் தனிப் பகுதி. மலேசியச் சிறைகளில் நெடுங்காலம் இருந்துவந்த நடைமுறை இது. கட்டாயச் சோதனை கூடாது, பிரித்து வைப்பதில் பயனில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 1993லேயே சொல்லிவிட்டது. ஒரு கைதி எந்தப் பகுதியில் இருக்கிறான் என்பதே அவன் நோயை எல்லாருக்கும் அறிவித்துவிடும். நீதிபதி அந்தத் தண்டனையை விதிக்கவில்லையே!

வீட்டுக்கு வந்த பிறகும் இந்தப் பிரித்துவைப்பு அவனை விடுவதில்லை. அவனுக்கென்று ஒரு தட்டு, ஒரு கோப்பை. கழுவுவதும் பின்வாசல் குழாயடியில். அக்காளின் குழந்தையைத் தூக்கப் போனால், "மாமாகிட்ட போகாதே" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். தட்டாலும் கோப்பையாலும் இந்தக் கிருமி தொற்றாது. மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவிலும் பரவாது. அரசாங்க மருத்துவமனைகளில் முதல்நிலை மாத்திரைகள் 2006 முதல் இலவசம்.

அந்த மாத்திரை நின்றுபோகும் ஆபத்து மிகுந்த காலம், விடுதலைக்குப் பிந்திய வாரங்கள். தங்க இடம் இருக்காது. கிளினிக்கில் தெரிந்தவர் யாரும் பார்த்துவிடுவாரோ என்ற பயம் வேறு.

வெளியில் உள்ளவருக்குக் கிடைக்கும் அதே தரமான சிகிச்சை கைதிக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும், எச்.ஐ.வி., காசநோய், போதைப் பழக்கம் ஆகியவற்றுக்கான மருத்துவம் விடுதலையோடு அறுபடக் கூடாது என்கிறது ஐ.நா. 2015இல் ஏற்ற மண்டேலா விதிகளின் 24ஆம் விதி. மருத்துவக் குறிப்புகளை ரகசியமாகக் காப்பதும் அவ்விதிகளில் உண்டு. தடுத்து வைக்கும் இடங்களைப் பார்வையிடும் அதிகாரம் 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி மலேசிய மனித உரிமை ஆணையமான சுஹாகாமுக்கு இருக்கிறது. 2025 ஜனவரியில் தைப்பிங் சிறையில் கைதிகள் தாக்கப்பட்டதாகப் புகார் எழுந்து, ஒருவர் இறந்தபோது, அந்த ஆணையம் பொது விசாரணை நடத்தியது. மருந்து மறுக்கப்பட்டாலும் குடும்பத்தார் அங்கே புகார் கொடுக்கலாம். விடுதலை நாள் தெரிந்ததுமே சிறை மருத்துவரின் பரிந்துரைக் கடிதத்தையும் சில வாரங்களுக்கான மாத்திரையையும் கேட்டு வாங்குங்கள். முதல் தடவை கிளினிக்குக்குக் கூடவே போங்கள்.