களத்திலிருந்து நம் வீடு வரை: விளையாட்டு ஒலிபரப்பின் கதை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

களத்தில் இறங்கி ஆடுவோர் சிலர். அரங்கில் அமர்ந்து காண்போர் சில ஆயிரம் பேர். இரண்டிலும் சேராமல், தொலைவில் இருந்தபடியே ஆட்டத்தை அறிவோர் கோடிக் கணக்கானோர். நம்மில் பெரும்பாலோர் இந்த மூன்றாம் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. அருள்புரத்திலிருந்து சென்னை சேப்பாக்கம் சென்று ஓர் ஆட்டம் பார்ப்பதென்றால் ரயில் கட்டணம், நுழைவுச் சீட்டு, இரண்டு நாள் சம்பள இழப்பு என்று கணக்கு நீளும். ஆகவே ஆட்டம் நம்மைத் தேடி வந்தால்தான் உண்டு. அது எவ்வாறு வருகிறது, யார் கொண்டு வருகிறார்கள், கொண்டு வரும் வழியில் ஆட்டத்துக்கு என்ன நேர்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காதுக்கு வந்த களம்

1927ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் லண்டனில் ஆர்செனல், ஷெஃபீல்டு யுனைடெட் அணிகள் மோதிய கால்பந்தாட்டத்தை பி.பி.சி. வானொலி நேரடியாக ஒலிபரப்பியது. கண்ணால் காணாதவருக்குப் பந்து எங்கே இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? அதற்கு ஓர் எளிய வழி கண்டார்கள். ஆடுகளத்தைக் கட்டங்களாகப் பிரித்து எண்ணிட்டு, அந்த வரைபடத்தை வானொலி இதழில் முன்கூட்டியே அச்சிட்டார்கள். ஒருவர் ஆட்டத்தை வர்ணிக்க, இன்னொருவர் பந்து இருக்கும் கட்டத்தின் எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தார். கேட்பவர் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பந்தைத் தொடர்ந்தார்.

பின்னாளில் வரைபடம் தேவைப்படவில்லை. வர்ணனையாளரின் சொல்லே வரைபடமாயிற்று. நம் நாட்டில் 1930களில் பம்பாயில் பாபி தல்யார்கான் கிரிக்கெட் வர்ணனைக்குப் புகழ்பெற்றார். 1975ஆம் ஆண்டு கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என்று வென்று இந்தியா உலகக் கோப்பை ஹாக்கிப் பட்டம் பெற்றபோது, அந்தச் செய்தி வீடுகளுக்கு வந்தது வானொலி வழியாகத்தான்.

தமிழுக்கு வருவோம். சேப்பாக்கத்தில் ஆட்டம் நடக்கையில் அகில இந்திய வானொலி தமிழில் நேர்முக வர்ணனை வழங்கியது. வி. இராமமூர்த்தி, சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றோரின் குரல்கள் அந்நாளைய நேயர்களுக்கு நன்கு பழக்கமானவை. அவர்கள் செய்தது மொழிபெயர்ப்பு வேலை அன்று. பந்து வீச்சாளர், மட்டையாளர், ஓட்டம், எல்லைக்கோடு என்னும் சொற்களை ஓடும் ஆட்டத்தின் வேகத்துக்கு ஈடுகொடுத்துப் பேசிக் காட்டினார்கள். அகராதியில் கிடக்கும் கலைச்சொல் வேறு. அடுத்த பந்து வருவதற்குள் வாயில் வந்தாக வேண்டிய சொல் வேறு. பின்னதே நிலைக்கும். இன்று அறிவியல் பாடங்களைத் தமிழில் விளக்க முற்படும் நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் தலைமுறை நான். ஆங்கில வர்ணனை மட்டுமே இருந்திருக்குமானால், எனக்கு முந்திய தலைமுறையினருக்குக் கிரிக்கெட் என்பது புரியாத ஆரவாரமாகவே போயிருக்கும். தாய்மொழி வர்ணனையே அவர்களை ஆட்டத்துக்குள் அழைத்துச் சென்றது.

வானொலிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அது கையையும் கண்ணையும் கேட்பதில்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவரின் கண் துணியை விட்டு நகரக் கூடாது. ஓட்டையும் எண்ணெய்க் கறையும் தப்பிவிடும். பவர்டேபிளில் தைப்பவரின் நிலையும் அதுவே. ஆனால் காது சும்மாதானே இருக்கிறது! பீஸ் ரேட்டுக்கு வேலை செய்பவர் ஒரு ரூபாயும் இழக்காமல் ஓர் ஆட்டம் முழுவதையும் அறிய வழி செய்த கருவி வானொலி ஒன்றே.

முந்துவது யார்?

இங்கே ஓர் இயற்பியல் வேடிக்கையைக் காணலாம். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்லும். வானொலி அலையோ ஒளியின் வேகத்தில், நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். ஆடுகளத்திலிருந்து 70 மீட்டர் தள்ளி அரங்கில் அமர்ந்திருப்பவருக்கு மட்டையில் பந்து பட்ட ஓசை கேட்க 0.2 நொடி ஆகிறது. அதே ஓசையை ஸ்டம்ப் அருகிலுள்ள ஒலிவாங்கி பிடித்து, வானொலி அலையாக நேரே அனுப்பினால், ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருப்பூரை அடைய 0.0013 நொடி போதும். அதாவது, சீட்டு வாங்கி உள்ளே இருப்பவருக்கு முன்னரே நம் ஊர்க்காரர் காதில் அது விழுந்துவிடும்!

செயற்கைக் கோள் வழியாக வந்தால் கணக்கு மாறுகிறது. அது பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. ஏறி இறங்க 72,000 கிலோமீட்டர். ஏறக்குறைய கால் நொடி. இணையத்தின் வழியே கைப்பேசிக்கு வருவதோ இன்னும் தாமதம். அங்கே காட்சியைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, சுருக்கி, பல இடத்துக் கணினிகளில் சேமித்து, பிறகே அனுப்புகிறார்கள். நடுவில் தடைப்படாமல் இருப்பதற்காகக் கைப்பேசியும் சில துண்டுகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறது. ஆகவே பல நொடிகள், சில வேளை அரை நிமிடம்கூடப் பின்தங்கும். அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியில் "அவுட்!" என்று கூச்சல் எழுந்த பிறகு நம் கைப்பேசியில் பந்து வீச்சாளர் ஓடத் தொடங்குவதன் காரணம் இதுவே. கருவி புதியதாக ஆக, செய்தி விரைந்து வரும் என்று நினைப்பது தவறு.

பதிவாகாத 175

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15இல் தொடங்கப்பட்டது. 1982 நவம்பரில் டில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி வண்ண ஒளிபரப்பும், நாடு தழுவிய ஒளிபரப்பு வசதியும் விரிவடைந்தன. பி.டி. உஷா இரண்டு வெள்ளிப் பதக்கங்கள் பெற்றதும் அப்போதுதான். ஹாக்கி இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானிடம் 7-1 என்று நாம் தோற்றதும் அப்போதுதான். தொலைக்காட்சி வெற்றியை மட்டும் காட்டுவதில்லை. தோல்வியையும் கூடத்துக்குள் கொண்டு வந்து வைக்கிறது.

ஆனால் கேமரா இல்லாத இடத்தில் நடந்ததற்கு என்ன கதி? 1983 ஜூன் 18ஆம் நாள், இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்னும் ஊரில் உலகக் கோப்பை ஆட்டம். ஜிம்பாப்வேக்கு எதிராக இந்தியா 17 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை இழந்தது. அந்நிலையில் களத்தில் நின்ற கபில்தேவ் 138 பந்துகளில் 175 ஓட்டங்கள் எடுத்து ஆட்டமிழக்காமல் திரும்பினார். ஒருநாள் ஆட்டங்களில் அன்றைக்கு அதுவே உலக சாதனை. இந்தியா 31 ஓட்டங்களில் வென்று, ஏழே நாளில் கோப்பையையும் கைப்பற்றியது.

அந்த 175 ஓட்டங்களில் ஒன்றுக்குக்கூடப் படச்சுருள் கிடையாது. அன்று பி.பி.சி. ஊழியர் வேலைநிறுத்தம் என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். கேமராக்கள் வேறு ஆட்டங்களுக்குப் போய்விட்டன என்பாரும் உண்டு. காரணம் எதுவாயினும் விளைவு ஒன்றே. 2021இல் வந்த '83' திரைப்படத்தில் நாம் கண்டது நடிகர் ஆடிக் காட்டியதைத்தான். எந்த ஆட்டத்துக்குக் கேமரா போக வேண்டும் என்று யாரோ ஒருவர் எங்கோ ஓர் அறையில் முடிவு செய்கிறார். அந்த முடிவே நாளைய நினைவைத் தீர்மானித்துவிடுகிறது.

வான் அலை யாருடைய சொத்து?

1993 நவம்பரில் ஹீரோ கோப்பைப் போட்டிகளை நடத்திய வங்காளக் கிரிக்கெட் சங்கம், ஒளிபரப்பும் உரிமையை டி.டபிள்யூ.ஐ. என்ற வெளிநாட்டு நிறுவனத்துக்கு அளித்தது. அதுவரை ஒளிபரப்பு என்றால் பெரும்பாலும் தூர்தர்ஷன்தான். ஆட்டத்தைக் காட்டுவதற்கு அமைப்பாளரிடமே தூர்தர்ஷன் கட்டணம் கேட்ட காலம் அது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது.

1995 பிப்ரவரி 9ஆம் நாள் நீதிபதிகள் பி.பி. சாவந்த், தமிழ்நாட்டைச் சேர்ந்த எஸ். மோகன், பி.பி. ஜீவன் ரெட்டி ஆகியோர் தீர்ப்பு வழங்கினர். வான் அலைகள் பொதுமக்களின் சொத்து என்பது அதன் சாரம். அரசு அதைத் தனியுடைமையாகக் கொள்ளக் கூடாது. ஒரு பொது அமைப்பு அதை முறைப்படுத்த வேண்டும். செய்தியையும் காட்சியையும் பெறுவது குடிமக்களின் பேச்சுரிமையில் அடங்கும் என்றனர். ஒரு கிரிக்கெட் போட்டியைப் பற்றிய தகராறு, நாட்டின் ஒளிபரப்புச் சட்டத்துக்கே அடிப்படையாயிற்று.

அரசின் தனியுரிமை போனது நன்றே. ஆனால் அதன் இடத்தில் பணத்தின் தனியுரிமை வந்து அமர்ந்தால்? 2004ஆம் ஆண்டு பாகிஸ்தானில் இந்திய அணி ஆடியபோது உரிமை ஒரு தனியார் அலைவரிசையிடம் இருந்தது. கேபிள் இணைப்பு இல்லாத வீடுகள் என்ன செய்யும் என்ற கேள்வி மீண்டும் நீதிமன்றப் படியேறியது. இதன் தொடர்ச்சியாக 2007இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி, தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என்று அரசு அறிவிக்கும் ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தனியார் நிறுவனங்கள் பிரசார் பாரதியுடன் பகிர்ந்துகொள்ள வேண்டும். விளம்பர வருவாயில் உரிமை பெற்றவருக்குத் தொலைக்காட்சியில் 75 பங்கு, பிரசார் பாரதிக்கு 25 பங்கு, வானொலியில் சரிபாதி. 2017இல் உச்ச நீதிமன்றம் இதற்கு ஓர் எல்லை வகுத்தது. பகிரப்பட்ட காட்சியைத் தூர்தர்ஷன் தன் சொந்தத் தரைவழி ஒளிபரப்பிலும், மாதக் கட்டணமற்ற தன் டிஷ் சேவையிலும் காட்டலாம்; கேபிள் நிறுவனங்கள் வழியே கொடுக்கலாகாது என்பதே அது. ஆக, கட்டணம் கட்ட இயலாதவருக்கு ஒரு சன்னல் திறந்திருக்கிறது. அச்சன்னல் இருப்பதே பலருக்குத் தெரியாது.

பணமும் ஆட்டமும்

2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமைகள் 2022ஆம் ஆண்டு ஏலத்தில் 48,390 கோடி ரூபாய்க்குப் போயின. 410 ஆட்டங்கள் என்ற கணக்கில், ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 118 கோடி. இத்தொகையை நிறுவனங்கள் எங்கிருந்து எடுக்கும்? விளம்பரத்திலிருந்தும் சந்தாவிலிருந்தும்தான். 2023இல் கைப்பேசியில் இலவசமாகக் கிடைத்தது, போட்டி நிறுவனங்கள் இரண்டும் இணைந்த பின் 2025இல் சந்தாவுக்கு மாறியது. பழக்கப்படுத்திய பிறகு விலை சொல்வது வணிகத்தின் பழைய முறை. பனியன் வியாபாரம் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதன்று.

பணம் கொடுப்பவர் ஆட்டத்தின் வடிவத்தையும் மாற்றுகிறார். 1977இல் ஆஸ்திரேலியாவின் கெர்ரி பாக்கர் தம் தொலைக்காட்சிக்கு உரிமை கிடைக்காததால் தனிப் போட்டிகளையே நடத்தினார். இரவு விளக்கொளி, வெள்ளைப் பந்து, வண்ண உடை ஆகியவை அங்கிருந்து பரவின. மேசைப்பந்தில் பந்தின் விட்டம் 2000இல் 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆயிற்று. 21 புள்ளி ஆட்டம் 2001இல் 11 புள்ளியாகச் சுருங்கிற்று. திரையில் பந்து தெரிய வேண்டும், விறுவிறுப்புக் குறையக் கூடாது என்ற எண்ணம் இம்மாற்றங்களின் பின்னணியில் இருந்தது.

நம் கபடியையே பாருங்கள். மண்ணிலும் வெயிலிலும் ஆடிய ஆட்டம், 2014இல் புரோ கபடி தொடங்கியபோது விளக்கொளி அரங்கில், மெத்தை விரிப்பின் மேல், 30 நொடிக் கடிகாரத்தோடு வந்து நின்றது. 2017இல் தமிழ் தலைவாஸ் அணியும் சேர்ந்தது. மண் போயிற்றே என்று வருந்துவோர் உண்டு. ஆனால் கிராமத்துப் பிள்ளைகளின் ஆட்டம் என்று ஒதுக்கப்பட்டதை நாடே இரவு நேரத்தில் உட்கார்ந்து பார்த்தது. ஆடியவர்கள் கௌரவமான ஊதியம் பெற்றார்கள். எனவே இம்மாற்றத்தை முழு நன்மை என்றோ முழுத் தீமை என்றோ ஒரே வரியில் தீர்த்துவிட முடியாது.

காட்டினால்தான் கணக்கு

2017 ஜூலை 20ஆம் நாள் இங்கிலாந்தின் டெர்பி நகரில், ஆஸ்திரேலியாவுக்கு எதிரான உலகக் கோப்பை அரையிறுதியில் ஹர்மன்பிரீத் கவுர் 115 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 171 ஓட்டங்கள் எடுத்தார். கபிலின் 175க்கும் இதற்கும் உள்ள வேறுபாடு நான்கு ஓட்டங்கள் மட்டுமல்ல. இதை நாடு கண்ணால் கண்டது. கண்ட பிறகு பெண்கள் கிரிக்கெட் ஒரு துணுக்குச் செய்தியாக இருக்கவில்லை. 2023 முதல் ஐந்தாண்டுகளுக்கான மகளிர் பிரீமியர் லீக் ஒளிபரப்பு உரிமை 951 கோடிக்கு விற்றது. 2025 நவம்பர் 2ஆம் நாள் நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை வென்று இந்தியப் பெண்கள் உலகக் கோப்பையைப் பெற்றனர். ஆயினும் 48,390 எங்கே, 951 எங்கே என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால், கேமரா செல்ல வேண்டிய தூரம் இன்னும் மிகுதி என்பது விளங்கும்.

பார்ப்பவர் இல்லை என்பதால் காட்டுவதில்லை என்கிறார்கள். காட்டாததால் பார்ப்பவர் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தச் சுழலை எங்கேனும் ஓரிடத்தில் அறுக்க வேண்டும்.

அதைச் செய்யும் வசதி இன்று நம் கையிலேயே இருக்கிறது. நம் கல்லூரி விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவரின் நேரம், கபடியில் யார் யாரைப் பிடித்தார் என்ற விவரம், கைப்பந்து இறுதி ஆட்டத்தின் புள்ளிகள் ஆகியவை எங்கே பதிவாகின்றன? பரிசளிப்புப் படத்தோடு முடிந்துவிடுகின்றன. அடுத்த ஆண்டு விழாவில் மாணவ மாணவியர் இருவர் ஒலிபெருக்கியில் நல்ல தமிழில் நேர்முக வர்ணனை செய்யட்டும். ஒருவர் கைப்பேசியில் முழு ஆட்டத்தையும் பதிவு செய்யட்டும். இன்னொருவர் புள்ளிகளைக் குறித்து இம்மலரில் வெளியிடட்டும். உடற்கல்வித் துறையும் தமிழ்த் துறையும் சேர்ந்தால் இது பெரிய செலவில்லாத வேலை.

டன்பிரிட்ஜ் வெல்ஸில் கேமரா இல்லாமல் போனதை நாம் மாற்ற முடியாது. நம் மைதானத்தில் ஓடும் ஒரு தறித் தொழிலாளியின் மகளுக்கோ, டையிங் தொழிலாளியின் மகனுக்கோ அக்குறை நேராமல் பார்த்துக்கொள்வது நம்மால் முடியும். வான் அலை மக்களின் சொத்து என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தச் சொத்தைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வது மக்களாகிய நம் பொறுப்பு.