முகப்பூச்சில் மறைந்திருக்கும் பாதரசம்



திருமணப் பேச்சுத் தொடங்கினால், பெண்ணின் நற்குணத்தை விசாரிக்கும் முன்பே அவளது நிறத்தைத்தான் விசாரிக்கிறார்கள். "பிள்ளை கொஞ்சம் கறுப்பு" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். மறுநாளே வவுனியாக் கடைத்தெருவிலிருந்து வெண்மைக் கிறீம் ஒன்று வீட்டுக்கு வந்துவிடும். சில கிழமைகளில் முகம் வெளுக்கிறது. அந்த டப்பிக்குள் என்ன இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை.

இத்தகைய கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் சேர்க்கப்படுகிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதை அது தடுக்கிறது. தோல் வழியாக உடலுக்குள் சென்று சிறுநீரகத்தையும் நரம்புகளையும் தாக்குகிறது. கருவிலுள்ள குழந்தையையும் அது விட்டுவைப்பதில்லை. பூசுவதை நிறுத்தினால் பழைய நிறம் திரும்பிவிடும். கெட்ட சிறுநீரகம் அப்படி எளிதில் திரும்புமா?

கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், கோட்டக்கல் வைத்தியர்கள் கண்டதைக் கேளுங்கள். 2021 யூலை முதல் 2023 செப்டெம்பர் வரை, சிறுநீரில் புரதம் கழியும் ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை அவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது அரிதாகக் காணப்படும் ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர் வெண்மைக் கிறீம் பூசி வந்தவர்கள்!

மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கையும் 2017இல் இணைந்தது. பாதரசம் சேர்த்த அழகுப் பொருட்கள் அனைத்தையும் 2025க்குள் ஒழிப்பதென அதன் உறுப்பு நாடுகள் 2023இல் தீர்மானித்தன. என்றாலும் திருட்டுத்தனமான விற்பனை நின்றபாடில்லை.

நாம் செய்யவேண்டியது என்ன? தயாரித்தவர் பெயரோ சேர்மானங்களோ இல்லாத டப்பியை வாங்காதீர்கள். கலோமெல், மேர்கியூரி போன்ற சொற்கள் இருந்தால் தொடாதீர்கள். "தங்கம், வெள்ளி நகைகளில் படவிடாதீர்கள்" என்று எழுதியிருப்பதும் பாதரசத்தின் அடையாளமே. நகைக்கு ஆகாததைப் பிள்ளையின் முகத்தில் பூசலாமா? எழுதாமல் மறைப்பவர்களும் உண்டு. ஆகவே சில நாட்களில் வெளுக்க வைக்கும் எதையும் சந்தேகியுங்கள்.

ஏற்கனவே பூசியவருக்குக் காலோ முகமோ வீங்கினால், சிறுநீர் நுரைத்தால், உடனே நிறுத்தி, டப்பியையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.

உடல் அல்லாஹ் தந்த அமானிதம். மருமகள் தேடும் தாய்மார்களே, நிறம் கேட்பதை நீங்கள் நிறுத்தினால், இந்த டப்பியைத் தேடி எந்தப் பிள்ளையும் போகமாட்டாள்.