கிடங்கு வாயிலுக்கு வெப்பத்தடுப்புக் கதவு: பலகையின் கனம் மட்டும் பார்த்தால் போதுமா?

புதுதில்லி: மகாராஷ்டிரத்தின் பிவண்டியிலும் ஹரியாணாவின் சோனிபத்திலும் நெடுஞ்சாலையோரம் எழும் புதிய கிடங்குகளில் கூரைக்கு வெப்பத்தடுப்பு, சுவருக்கு நுரை அடைத்த பலகை, உள்ளே எல்இடி விளக்கு என மின்சாரச் செலவைக் குறைக்கும் ஏற்பாடுகள் செய்யப்படுகின்றன. ஆனால் லாரி வந்து நிற்கும் சரக்கு வாயிலில் பல இடங்களில் பழைய வகை இரும்பு ஷட்டரே தொங்குகிறது. கட்டடத்திலேயே மிகப் பெரிய திறப்பு அதுதான். கூடவே, நாளெல்லாம் தொழிலாளர்களின் தலைக்கு மேல் ஏறி இறங்கும் பாரமும் அதுதான்.

இந்த ஷட்டருக்கு மாற்றாக இப்போது விற்கப்படுவது செக்‌ஷனல் கதவு. நுரை அடைத்த பலகைகள் கீல்களால் ஒன்றன்மேல் ஒன்றாக இணைக்கப்பட்டு, பக்கவாட்டுத் தண்டவாளத்தில் ஏறி, கூரைக்குக் கீழே படுக்கைவசமாகச் சென்று நிற்கும் கதவு இது. பலகை எத்தனை மில்லிமீட்டர் கனம் என்பதே விற்பனையில் முதலில் சொல்லப்படும் செய்தி. வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுவன்று.

சாதாரண இரும்புத் தகடு வெப்பத்தைத் தடுப்பதில்லை என்றே கொள்ளலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில், உள்ளும் புறமும் ஒரு டிகிரி வேறுபாடு இருக்கும்போது எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பதைக் குறிக்கும் யு-மதிப்பு, ஒற்றைத் தகடு ஷட்டருக்கு ஏறத்தாழ 5.9. பாலியூரித்தேன் நுரை அடைத்த 40 மில்லிமீட்டர் பலகையின் நடுப்பகுதியில் இது 0.5 அளவுக்குக் குறைகிறது. விளம்பரத் தாளில் அச்சாவது பெரும்பாலும் இந்த எண்தான். பலகைகளின் இணைப்பு, ஓரச் சட்டம், கண்ணாடிச் சாளரம் ஆகியவற்றையும் சேர்த்தால் முழுக் கதவின் மதிப்பு 1 அல்லது அதற்குச் சற்று மேல் என்றாகிவிடும். எனவே பலகையின் மதிப்பா, பொருத்தி முடித்த கதவின் மதிப்பா என்பதை விலைப்புள்ளியிலேயே எழுதித் தரச் சொல்ல வேண்டும்.

ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். 4 மீட்டர் அகலமும் 4 மீட்டர் உயரமும் கொண்ட வாயில். வெளியே 40 டிகிரி செல்சியஸ், உள்ளே குளிரூட்டி 25 டிகிரி. மூடியிருக்கும் இரும்பு ஷட்டர் வழியாக ஏறத்தாழ 1.4 கிலோவாட் வெப்பம் உள்ளே வருகிறது. யு-மதிப்பு 1 உள்ள கதவில் இது 0.24 கிலோவாட். வேறுபாடு 1.2 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. ஒரு பங்கு மின்சாரத்தில் மூன்று பங்கு வெப்பத்தை வெளியேற்றும் குளிரூட்டியாக இருந்தால், 10 மணி நேரத்தில் மிச்சமாவது சுமார் 4 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் நாளொன்றுக்கு 32 ரூபாய். மேற்கு வெயிலைப் பார்த்து நிற்கும் அடர்நிறத் தகடு 60 டிகிரிக்கு மேல் சூடேறக்கூடும் என்பதால் அத்தகைய வாயிலில் மிச்சம் கூடுதலாக இருக்கும். வெளிர்நிறப் பூச்சே அதில் ஒரு பகுதியைச் செலவின்றித் தடுத்துவிடும்.

இதே கதவைத் திறந்து வைத்தால் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. திறந்த வாயிலின் அடிப்பகுதி வழியாக அது வெளியே வழிய, மேற்பகுதி வழியாக வெப்பக் காற்று உள்ளே நுழையும். வெளியே காற்றே வீசவில்லை என்று வைத்துக்கொண்டாலும், மேற்கண்ட வாயிலில் இந்தப் பரிமாற்றம் நொடிக்கு 4 கன மீட்டரைத் தாண்டும். அதன் வழியே வரும் வெப்பம் 70 கிலோவாட்டுக்கு மேல். கட்டடம் பெரிதாக இருந்து உள்ளே குளிர் நீடிக்கும் வரை இந்த அளவு தொடரும். அதாவது, ஒரு நிமிடம் கதவைத் திறந்து வைப்பதால் ஏற்படும் இழப்பு, வெறும் இரும்பு ஷட்டரை ஏறத்தாழ ஒரு மணி நேரம் மூடி வைத்திருக்கும்போது ஏற்படும் இழப்புக்குச் சமம். மும்பை, கொல்கத்தா போன்ற ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் காற்றோடு வரும் நீராவியையும் குளிரூட்டியே வெளியேற்ற வேண்டியிருப்பதால் சுமை இன்னும் கூடும்.

கதவு எவ்வளவு விரைவாக மூடுகிறது என்ற கேள்வி இங்குதான் முக்கியமாகிறது. நொடிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்தில் நகரும் மோட்டார் கதவு 4 மீட்டர் ஏற 20 நொடியும் இறங்க 20 நொடியும் எடுத்துக்கொள்ளும். நாளுக்கு 30 முறை இயங்கினால், ஏறி இறங்குவதற்கு மட்டும் 20 நிமிடம். ஃபோர்க்லிஃப்ட் இடைவிடாமல் சென்று வரும் வாயிலில், பகலில் இயங்கத் துணியாலான அதிவேகக் கதவும் இரவில் மூடி வைக்க நுரைக் கதவும் என இரண்டைப் பொருத்துவது வழக்கம். அதற்குப் பணம் இல்லாதவர்களுக்குப் பிவிசி பட்டைத் திரை இருக்கிறது. அழுக்கேறி மங்கிப் பார்வையை மறைக்கும் பட்டைகளை உடனுக்குடன் மாற்ற வேண்டும் என்பதே அதிலுள்ள சிரமம். மாற்றாத இடங்களில் தொழிலாளர்கள் அதைச் சுருட்டிக் கட்டிவிடுகிறார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குளிர்பதனக் கிடங்குகளில் நிலைமை சற்று வேறு. 2 டிகிரி செல்சியஸில் பராமரிக்கப்படும் அறைக்குப் பொதுவாகத் தடித்த சறுக்குக் கதவோ கீல் கதவோதான் பொருத்தப்படும். மேலே தூக்கித் திறக்கும் கதவு, அதற்கு முன்னாலுள்ள சரக்கு ஏற்றும் கூடத்தின் வெளிவாயிலில் இடம்பெறும். இரு கதவுகளும் ஒரே நேரத்தில் திறக்காதபடி மின்னிணைப்பைப் பூட்டி அமைப்பது, பலகையின் கனத்தை இரட்டிப்பாக்குவதைவிடக் கூடுதல் பயன் தரும்.

தரையில் ஒரு சென்டிமீட்டர்

மூடிய கதவிலும் ஓர் ஓட்டை எஞ்சியிருக்கும். தரை சமமாக இல்லாமல் கதவின் அடியில் முழு அகலத்துக்கும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருப்பதாகக் கொண்டால், மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் மென்காற்றுகூட அதன் வழியே ஏறத்தாழ ஒரு கிலோவாட் வெப்பத்தைக் கொண்டுவரும். நுரைப் பலகைக்காகக் கொடுத்த கூடுதல் விலையால் கிடைக்கும் மிச்சம் முழுவதும் ஏறத்தாழ அந்த இடைவெளியில் போய்விடும். அடியில் வளையும் ரப்பர் குழல், பக்கங்களில் அழுத்தி நிற்கும் ரப்பர் இழை, மேலே விட்டத்தோடு ஒட்டும் பட்டை ஆகிய மூன்றும் கதவின் விலையில் அடங்குமா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வாயிலடித் தரையைக் கதவு வருவதற்கு முன்பே மட்டம் பார்த்துச் சரிசெய்வது கொத்தனாரின் வேலை. கதவு பொருத்துபவர் அதைச் செய்யமாட்டார். உருள் ஷட்டரின் இயல்பே இடைவெளிகளால் ஆனது என்பதால், நுரை அடைத்த பட்டைகளைக் கொண்ட ஷட்டரும் இந்த விஷயத்தில் செக்‌ஷனல் கதவுக்கு இணையாகாது.

அறுந்தால் விழுவது 200 கிலோ

மேற்சொன்ன அளவுள்ள செக்‌ஷனல் கதவின் எடை சுமார் 200 கிலோ. அந்தப் பாரத்தைத் தாங்குவது மோட்டார் அல்ல. மேலே முறுக்கி வைக்கப்பட்ட சுருள்வில்லும் இரு பக்கங்களிலுமுள்ள எஃகு வடமும்தான். சுருள்வில்லுக்கு ஆயுள் உண்டு. அது ஆண்டுகளில் அல்ல, திறந்து மூடும் சுற்றுகளில் கணக்கிடப்படுகிறது. வீட்டு வாகனக் கூடங்களுக்கான வில் சுமார் 10,000 சுற்றுகள் தாங்கும். நாளுக்கு 30 முறை, ஆண்டுக்கு 300 நாள் இயங்கும் கிடங்குக் கதவு ஓராண்டிலேயே 9,000 சுற்றுகளை எட்டிவிடும். குறைந்த விலைக்கு வாங்கிய கதவின் வில் இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் முறிவது விபத்து அன்று, கணக்குப்படி நிகழ்வது. ஆகவே எத்தனை சுற்றுகளுக்கான வில் என்பது விலைப்புள்ளியில் இடம்பெற வேண்டும். வில் முறிந்தாலோ வடம் அறுந்தாலோ கதவைத் தண்டவாளத்திலேயே பிடித்து நிறுத்தும் பூட்டுக் கருவிகள் இரண்டும் உள்ளனவா என்பதை வாங்குபவர் நேரில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். முறுக்கிய வில்லை உள்ளூர் மெக்கானிக்கைக் கொண்டு கழற்றச் செய்வது உயிருக்கு ஆபத்தானது.

மோட்டார் பொருத்திய கதவுகளில் அடுத்த ஆபத்து, கீழே நிற்பவரை நசுக்குவது. அமெரிக்காவில் குழந்தைகள் வாகனக் கூடக் கதவுகளுக்கு அடியில் சிக்கி உயிரிழந்ததைத் தொடர்ந்து, 1993 ஜனவரி 1-க்குப் பின் தயாரிக்கப்படும் வீட்டுத் தானியங்கிக் கதவு மோட்டார்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடு சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது. ஐரோப்பியத் தரநிலைப்படி, கீழிறங்கும் கதவின் விளிம்பு தடையில் மோதும்போது 400 நியூட்டனுக்கு மேல், அதாவது சுமார் 40 கிலோ எடைக்கு மேல், அழுத்தக்கூடாது. அந்த அழுத்தமும் முக்கால் நொடிக்குள் தணிந்துவிட வேண்டும். இந்தியாவில் உருள் ஷட்டர்களுக்கு ஐஎஸ் 6248 என்ற 1979-ஆம் ஆண்டுத் தரநிலை உள்ளது. மின்சாரச் சிக்கனக் கட்டட விதிகள் வருவதற்குப் பல ஆண்டுகள் முந்தையது அது.

அமெரிக்க வீடுகளில் மின்கண் தரையிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மிகாத உயரத்தில் வைக்கப்படுகிறது. கிடங்குக்கு அது மட்டும் போதாது. லாரியின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே அந்தக் கதிர் தடையின்றிச் சென்றுவிடும். கதவு லாரியின் மேலேயே இறங்கும். பல கதிர்களைக் கொண்ட ஒளித்திரையும், கதவின் அடிவிளிம்பில் தொட்டதும் நிறுத்தும் உணர்விளிம்பும் சேர்ந்தே பொருத்தப்பட வேண்டும். அவற்றுக்கு வழியில்லை என்றால், விரலை எடுத்ததும் கதவு நின்றுவிடும் அழுத்துப் பொத்தான் மட்டும் கொண்ட மோட்டாரே பாதுகாப்பானது. அந்தப் பொத்தான் கதவு முழுவதும் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். தொலைவிலிருந்து இயக்கும் ரிமோட் வசதியை இத்தகைய கதவுக்குக் கேட்டு வாங்குவது தவறு.

மழைக்காலத்தில் மின்கசிவு தனிக் கவலை. மோட்டார் இணைப்பு நைந்து உலோகக் கதவில் மின்சாரம் பாய்ந்தால் காலையில் முதலில் தொடுபவரே பலியாவார். கதவுச் சட்டத்துக்கும் தண்டவாளத்துக்கும் நில இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் மோட்டாரின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய செலவு.

தீ விபத்து நேரும்போது இந்தக் கதவை நம்பக்கூடாது என்பதைத் தேசிய கட்டட விதித்தொகுப்பு தெளிவாகக் கூறுகிறது. மேலே தூக்கும் கதவோ சறுக்குக் கதவோ வெளியேறும் வழியாகக் கணக்கில் வராது. மின்சாரம் நின்றால் கையால் சங்கிலியை இழுத்து 4 மீட்டர் கதவை உயர்த்துவதற்குள் புகை சூழ்ந்துவிடும். வெளிப்புறம் திறக்கும் தனி ஆள் கதவு ஒன்று சுவரில் இருந்தே தீர வேண்டும். பெரிய கதவுக்குள்ளேயே அமைக்கப்படும் சிறு கதவு அன்றாடப் போக்குவரத்துக்கு வசதியானது. ஒருவர் உள்ளே வர ஒவ்வொரு முறையும் 16 சதுர மீட்டரைத் திறக்க வேண்டியதில்லை. ஆனால் அது திறந்திருக்கும்போது மோட்டார் இயங்காதபடி இணைப்புப் பூட்டு இருக்க வேண்டும். நுரையின் வகையும் இங்கே கவனத்துக்குரியது: தெர்மாகோலும் சாதாரண பாலியூரித்தேனும் எரியும்போது நச்சுப்புகை வெளியிடுபவை. தீப்பிடிக்கும் சரக்கு உள்ள கிடங்குக்குக் கல்கம்பளி அடைத்த பலகை எடை கூடினாலும் பொருத்தமானது.

ஒடிசா, ஆந்திரக் கடலோரங்களில் காற்றே முதல் சோதனை. ஐஎஸ் 875 தரநிலையில் புவனேஸ்வரத்துக்கான அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்தில் 16 சதுர மீட்டர் கதவின் மேல் விழும் அழுத்தம் ஏறத்தாழ 2.4 டன். கதவு உள்ளே பிய்ந்துகொண்டால் புகும் காற்று கூரையைக் கீழிருந்து தூக்கும். 2019 மே 3-ஆம் தேதி ஃபானி புயல் கரையைக் கடந்த புரி போன்ற ஊர்களில், நுரையின் கனத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் கதவு எத்தனை காற்றழுத்தத்துக்குச் சோதிக்கப்பட்டது என்ற சான்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

இவற்றையெல்லாம் சரிபார்க்க யார் வருவார் என்பதே சிறு தொழில் முனைவோரின் நிலை. 2007-இல் வெளியாகி 2017-இல் திருத்தப்பட்ட மின்சாரச் சிக்கனக் கட்டட விதித்தொகுப்பு, 100 கிலோவாட் அல்லது அதற்கு மேல் இணைப்புச் சுமை கொண்ட வணிகக் கட்டடங்களுக்கானது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று வேளாண் உட்கட்டமைப்பு நிதியின்கீழ் கடன் பெற்று எழுப்பும் சிறு சிப்பமிடும் கூடம் பெரும்பாலும் அந்த வரம்புக்குக் கீழேயே இருக்கும். 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை அத்திட்டத்தில் உண்டு என்பது குறிப்பிடத்தக்கது. எந்தக் கதவை வாங்குவது என்ற முடிவு அங்கே கடன் வாங்கியவர் கையில்தான் இருக்கிறது.

கதவு பொருத்தியவர் இறுதித் தவணையைப் பெறுவதற்கு முன் மூன்று சோதனைகளை வாங்குபவர் முன்னிலையில் செய்து காட்டச் சொல்லலாம். நண்பகலில் விளக்குகளை அணைத்துக் கதவை மூடினால், ஓரங்களில் வெளிச்சம் கசியும் இடமெல்லாம் காற்றும் கசியும் இடம். மோட்டாரை விடுவித்துக் கதவைப் பாதி உயரத்தில் நிறுத்தினால், வில் சரியாக முறுக்கப்பட்டிருக்கும்பட்சத்தில் அது அங்கேயே நிற்கும். இந்தச் சோதனையைப் பொருத்துநரே செய்ய வேண்டும், கீழே யாரும் நிற்கக்கூடாது. கடைசியாக, சுமார் 4 சென்டிமீட்டர் கனமுள்ள மரக்கட்டையைத் தரையில் படுக்கவைத்து, தானாக மூடும் கதவை அதன்மேல் இறக்கினால், கட்டையைத் தொட்ட 2 நொடிக்குள் கதவு மேலே திரும்ப வேண்டும்.