பிணை நின்றவர்கள்

எழுத உட்கார்ந்ததும் கொலையிலிருந்து தொடங்காதீர்கள். பழிவாங்கப் புறப்படும் ஒரு பெண்ணைப் பற்றி உளவியல் த்ரில்லர் எழுதுவதென்றால், முதலில் எழுத வேண்டியது அவள் பேச்சை யாரும் நம்பாமல் போன அந்த ஒரு பொழுதை. அது முதல் பக்கத்தில் வர வேண்டும் என்பதில்லை. கதைக்குள் வராமலே போனாலும் பரவாயில்லை. ஆனால் எழுதுகிறவருக்கு அது முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும். எந்த அறை, யார் உட்கார்ந்திருந்தார்கள், யார் நின்றார்கள், அவள் சொல்லி முடித்ததும் கடிகாரத்தைப் பார்த்தவர் யார் என்பது வரைக்கும். இதை ஒரு தனி நோட்டில் எழுதி வையுங்கள். பின்னால் அவள் செய்யும் ஒவ்வொன்றும் அந்த அறையிலிருந்துதான் கிளம்பும்.

எனக்கு இதைக் கற்றுத் தந்தவள் பழையனூர் நீலி. திருவாலங்காட்டை ஒட்டிய ஊர் பழையனூர். முற்பிறவியில் கணவன் கையாலேயே கொல்லப்பட்டவள், மறுபிறவியில் வணிகனாகப் பிறந்திருக்கும் அவனைத் தேடிப் பேயாக வருகிறாள். கதைக்கு வடிவங்கள் பல. எல்லாவற்றிலும் நடுவில் இருப்பது ஒரு பஞ்சாயத்து. கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, இவர் என் புருஷன், என்னை விட்டுவிட்டுப் போகிறார் என்று வேளாளர் எழுபது பேர் முன்னால் அழுகிறாள். குழந்தையும் அவனைப் பார்த்து அப்பா என்கிறது. இவள் பேய், என் உயிரை எடுக்க வந்திருக்கிறாள் என்று அவன் கதறுகிறான். அவன் சொல்வது உண்மை. சபை நம்புவதோ அவளை. உன் உயிருக்கு ஏதாவது நேர்ந்தால் நாங்கள் எழுபது பேரும் உயிரை விடுகிறோம் என்று பிணை நிற்கிறார்கள். அவனைக் காத்துவந்த வாளையும் வாங்கிக்கொண்டு, இருவரையும் ஒரே வீட்டில் தங்க வைக்கிறார்கள். விடிந்தபோது அவன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்கினார்கள்.

பொய்யாக அழுவதை இன்றும் நீலிக்கண்ணீர் என்கிறோம். அந்தச் சொல்மீது எனக்கு நெடுநாள் வருத்தம் உண்டு. பஞ்சாயத்தில் அவள் அழுதது நடிப்புதான். காட்டில் அவன் கை கழுத்துக்கு வந்தபோது அழுதாளே, அதைக் கேட்க எந்தச் சபையும் கூடவில்லை, அதற்கு மொழியில் ஒரு சொல்லும் மிஞ்சவில்லை. உங்கள் நோட்டில் எழுத வேண்டியது அந்தக் கேட்கப்படாத அழுகையை.

மற்றப் படிகளை, நான் இப்போது முடித்திருக்கும் கதையை வைத்தே சொல்கிறேன். நாயகி கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் ஜாக்கெட் தைப்பவள். அவள் தங்கை, ஊரில் வட்டிக்கு விடும் ஒருவரிடம் கணக்கு எழுதப் போனாள். ஒரு காலையில் கிணற்றில் மிதந்தாள்.

அடுத்த வேலை, சட்டத்தின் கதவை அடைப்பது. இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். "போலீஸ் கண்டுகொள்ளவில்லை" என்று ஒரு வரியில் தாண்டினால் வாசகர் உங்களை நம்ப மாட்டார். எந்தத் தாழ்ப்பாள், அதைப் போட்டது யார் என்று தெரிய வேண்டும். ஜப்பானிய எழுத்தாளர் மினாட்டோ கனாயேயின் 2008ஆம் ஆண்டு நாவல் ‘கொக்குஹாக்கு’. தலைப்புக்கு வாக்குமூலம் என்று பொருள். நான்கு வயது மகளைப் பறிகொடுத்த பள்ளி ஆசிரியை, கொன்றவர்கள் தன் வகுப்பு மாணவர்கள் இருவர் என்று கண்டுபிடிக்கிறாள். பதினான்கு வயது நிரம்பாதவரை அந்நாட்டில் குற்றவாளியாகத் தண்டிக்க முடியாது. தாழ்ப்பாள் அவ்வளவுதான், ஒரே ஒரு எண். அதைச் சொன்ன பிறகு ஆசிரியை ஏன் போலீசுக்குப் போகவில்லை என்று யாரும் கேட்பதில்லை. கண்ணகியும் முதலில் நெருப்பைத் தேடவில்லை. சிலம்பை எடுத்துக்கொண்டு அரசவைக்குப் போனாள், வழக்குரைத்தாள், உடைத்துக் காட்டினாள். முறையான வாசல் வழியாகப் போய்வந்த பெண்ணின் கோபத்துக்குத்தான் கனம் அதிகம்.

என் கதையில் அது சந்தேக மரண வழக்கு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174ஆம் பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 194. மணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் இப்படி இறந்தால் ஆர்.டி.ஓ. விசாரணை வரும். என் கதைத் தங்கைக்கு மணமாகவில்லை. புருஷன் இருந்திருந்தால் ஒரு அதிகாரி வந்து கேள்வி கேட்டிருப்பார் என்பது அக்காவுக்குத் தெரியவரும் இடத்தை இரண்டு பத்தியில் எழுதினேன். கதையிலேயே என்னை அதிகம் வருத்திய இரண்டு பத்திகள் அவை.

மூன்றாவதாக, அவளுக்கு ஒரு தொழில் கொடுங்கள். ஆயுதத்தை அந்தத் தொழிலிலிருந்தே எடுங்கள். துப்பாக்கியும் விஷமும் எங்கிருந்தோ வந்து சேர்ந்தால் அவள் வேறொருத்தி ஆகிவிடுவாள். தையல்காரிக்கு என்ன தெரியும்? ஊரில் உள்ள பெண்களின் உடம்பு தெரியும். யார் இளைத்தார்கள், யார் முழுகாமல் இருக்கிறார்கள், யார் மார்பில் கட்டி வந்து அளவு ஜாக்கெட் கொடுக்கத் தயங்குகிறார்கள் என்பது அந்த வீட்டு ஆண்களுக்கு முன்பே தெரியும். எல்லாம் அளவு நோட்டில் பெயருக்கு நேரே எண்களாக இருக்கும். இந்த ஒரு நோட்டை முழுதாக நினைத்துப் பார்க்க எனக்கு மூன்று வாரம் ஆனது. அட்டையில் மெஷின் எண்ணெய்க் கறை, ஓரத்தில் சாக்பீஸ் தூள், பாக்கித் தொகையைச் சுற்றி ஒரு வட்டம்.

வட்டிக்கு விடும் அந்த ஆளின் மனைவி இவளிடம்தான் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிறாள். கணவனின் சட்டைகளையும் ஆல்ட்டர் செய்யக் கொண்டுவருவாள். இறந்த தங்கையின் துப்பட்டா மயில்கழுத்து நிறம். அதிலிருந்து விரலகலத் துண்டு ஒன்றைக் கத்தரித்து, அவன் சட்டைப் பையின் உள்பக்கம் வைத்துத் தைத்து அனுப்புகிறாள் அக்கா. வசூல் நோட்டை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அவன் விரல் அதில் படும். முதல் சட்டையில் கவனிக்கவில்லை. இரண்டாவதில் கவனித்துவிட்டான். மூன்றாவதைப் பிரித்துப் பார்க்கிறான். பழி என்பது இவ்வளவுதான். அவன் தூக்கம் கெட வேண்டும், தங்கையின் பெயரை அவனே ஒரு நாள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

யார் வாயால் கதை சொல்வது என்பதை இதற்குப் பிறகுதான் முடிவு செய்ய வேண்டும். மினாட்டோவின் நாவலில் ஆறு அத்தியாயங்கள். ஆசிரியை, மாணவி, கொன்றவன், அவன் வீட்டார் என்று குரல் மாறிக்கொண்டே போகும். முதல் அத்தியாயம் முழுவதும், பருவத்தின் கடைசி நாளில் ஆசிரியை வகுப்பில் பேசும் பேச்சு. பிள்ளைகள் பால் குடித்து முடித்திருக்கிறார்கள். அந்த இருவரின் பாலில் எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தத்தைக் கலந்ததாக, பாடம் நடத்தும் அதே குரலில் சொல்கிறாள். குரல் உயராததுதான் நடுங்க வைக்கிறது.

தமிழில் எழுதுகிறவருக்கு இந்த இடத்தில் பெரிய வசதி ஒன்று இருக்கிறது: நீயும் நீங்களும். என் தையல்காரி அந்த ஆளை "வாங்க சார்" என்றுதான் கூப்பிடுகிறாள். அவனுக்கு நாற்காலி போடுகிறாள், "டீ சொல்லட்டுங்களா" என்கிறாள். அவன் அவளை "ஏம்மா" என்கிறான். கதை முழுக்க அவள் மரியாதை ஒரே ஓரிடத்தில் மட்டும் தவறுகிறது. சட்டையைக் கையில் கொடுத்துவிட்டு, "போட்டுப் பாரு" என்று சொல்லிவிடுகிறாள். உடனே "பாருங்க சார்" என்று திருத்திக்கொள்கிறாள். அவன் காதில் அது விழுந்ததா என்று எழுதவில்லை. அடுத்த பத்துப் பக்கத்துப் பதற்றத்துக்கு அந்த ஒரு விகுதி போதும். நீங்களும் கதையை எழுதி முடித்த பிறகு உரையாடலை மட்டும் தனியாகப் படித்து, விகுதி எங்கே மாறுகிறது என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள். இரண்டு இடத்துக்கு மேல் மாறினால் ஒன்றைத் தவிர மற்றவற்றை அடித்துவிடலாம்.

பதற்றத்தைக் கூட்ட, வாசகரை எண்ண வையுங்கள். குண்டலகேசி கதையில் கணவன் அவளைக் கொல்ல மலையுச்சிக்குக் கூட்டிப்போகிறான். சாவதற்கு முன் உங்களை மூன்று முறை வலம் வர வேண்டும் என்கிறாள். வலம் வந்து, பின்னாலிருந்து தள்ளிவிடுகிறாள். அந்தக் காப்பியத்தில் சில பாடல்களே நமக்கு எஞ்சியிருக்கின்றன. ஆனால் இந்தக் காட்சி அழியவில்லை, 1950இல் ‘மந்திரி குமாரி’ படத்தில் அதே மலை, அதே வலம். ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கிய பார்வையாளருக்கு மூன்றாவது சுற்றில் என்ன வேண்டும் என்று கேட்டுப்பாருங்கள். தள்ளு என்பார். அவளோடு சேர்ந்து அவரும் தள்ளியாயிற்று. எண்ணிக்கை செய்யும் வேலை இது.

என் கதையில் எண்ணிக்கை அளவு நோட்டில் இருக்கிறது. சித்திரையில் அந்த மனைவியின் ஜாக்கெட்டுக்குக் கை ஆறு இஞ்ச். ஆடியில், "அக்கா, கை கொஞ்சம் நீளமா வெச்சிருங்க" என்கிறாள், ஒன்பது. ஐப்பசியில் பதினொன்று, முழங்கை மூடிவிட்டது. மார்கழியில் பதினைந்து. எங்கும் நான் காயம் என்ற சொல்லை எழுதவில்லை.

இன்னொரு படியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: அவள் நினைக்கும் ஆள்தான் குற்றவாளியா என்ற ஐயத்தை ஒரு முறையாவது எழுப்புங்கள். கார்னல் வுல்ரிச் 1940இல் எழுதிய ‘தி பிரைட் வோர் பிளாக்’ நாவலில், மணநாளில் விதவையான ஜூலி ஆண்களைத் தேடித் தேடிக் கொல்கிறாள். அவள் கொன்றவர்களுக்கும் கணவன் சாவுக்கும் சம்பந்தமே இல்லை என்று கடைசியில் தெரிகிறது. 1968இல் அதைப் படமாக்கிய த்ரூஃபோ இந்தத் திருப்பத்தை மாற்றிவிட்டார். எனக்கு நாவலின் முடிவுதான் நிற்கிறது.

தங்கைக்கு நடந்ததைக் காட்சியாக எழுதாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பழியை நியாயப்படுத்த வேண்டும் என்று பெண்ணின் சிதைவைப் பக்கம் பக்கமாக எழுதும் கதைகளும், நிமிடக்கணக்கில் காட்டும் படங்களும் அவளை இரண்டாம் முறை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகின்றன. கணக்கு நோட்டில் அவள் கையெழுத்து எந்தத் தேதியோடு நின்றது என்று எழுதினேன். அதற்கு மேல் வாசகருக்குத் தேவைப்படவில்லை.

இனி, எழுபது பேர். இந்தப் படியில்தான் என் கதை இரண்டு மாதம் நின்றுபோனது. நீலி கொன்றது ஒருவனை. செத்தது எழுபத்தொரு பேர். அவர்கள் அவளுக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை, ஒரு கைக்குழந்தைக்காரியின் கண்ணீரை நம்பினார்கள், அவ்வளவே. கண்ணகி மதுரையை எரித்தபோது யார் யாரைத் தொடக் கூடாது என்று தீக்கடவுளுக்குப் பட்டியல் கொடுத்தாள்: பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியோர், குழந்தைகள். அந்தக் கோபத்துக்கு நடுவிலும் அவளுக்குப் பட்டியல் போடத் தோன்றியதே என்று ஒவ்வொரு முறையும் நெஞ்சு அடைக்கிறது. உங்கள் நாயகியின் திட்டம் தயாரானதும் ஒரு தாளில் எழுதுங்கள்: இதில் யார் பிணை நிற்கிறார்கள், யாரைக் கேட்காமல் யார் கழுத்து வைக்கப்பட்டிருக்கிறது.

நான் எழுதினேன். ஒரே பெயர்தான் வந்தது, அந்த மனைவி. சட்டைப்பையில் துண்டைக் கண்டவன் யாரைச் சந்தேகிப்பான்? தையல்காரியையா? சட்டையைத் துவைத்து மடித்து வைப்பவளை. அவன் கவனித்த முதல் துண்டு போனது ஆடிக்கு முன்னால். ஜாக்கெட்டின் கை நீண்ட ஒவ்வொரு முறையும் அதற்கு முன்பு ஒரு சட்டை போயிருந்தது. அளவெடுத்த தையல்காரி அவன் கொடுமையை எண்ணிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தாள். எண்ணிக்கொண்டிருந்தது தன் பழியின் விலையை. மார்கழியில் டேப்பைப் பிடித்தபடியே அது அவளுக்குப் புரிகிறது. இந்த இடம் கிடைத்ததும் முன்பக்கங்களுக்குத் திரும்பிப் போய் மாதங்களைச் சரிபார்த்தேன். சட்டை எப்போது, ஜாக்கெட் எப்போது என்ற வரிசை ஒரு வாரம் பிசகினாலும் கதை விழுந்துவிடும்.

எல்லாம் முடிந்ததும், அந்தத் தொழில் தெரிந்த ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். இலக்கிய நண்பர்கள் அப்புறம். எங்கள் தெருவில் தைக்கும் அக்காவின் கடையில், அவர் காஜா போட்டுக்கொண்டிருக்க, நான் ஸ்டூலில் உட்கார்ந்து படித்தேன். மூன்றாம் பக்கத்தில் பக்கத்து வீட்டுப் பெண் படம் வெட்டக் கத்தரிக்கோல் கேட்பாள், நாயகி எடுத்துக் கொடுப்பாள். அக்கா ஊசியை நிறுத்திவிட்டார்.

"எந்தத் தையக்காரியும் கத்தரிய இரவல் குடுக்க மாட்டா கண்ணு. காயிதம் வெட்டினாலே வாய் போயிரும். எங்க வீட்டுக்காரரு கேட்டாலும் நான் குடுக்க மாட்டேன்."

அன்றே அதை மூன்றாம் பக்கத்திலிருந்து எடுத்தேன். இரவல் கேட்டு வருகிறவர்களை அவள் திருப்பி அனுப்பும் காட்சிகள் இரண்டை அங்கே வைத்தேன். கத்தரிக்கோலைக் கடைசிப் பக்கத்துக்குக் கொண்டுபோனேன். மார்கழி இரவு, கடையில் விளக்கு அணையப் போகும் நேரம், அந்த மனைவி வருகிறாள். தையல் பிரிக்க வேண்டும், கத்தரி வேண்டும் என்கிறாள். எந்தத் தையல் என்று இவள் கேட்கவில்லை. எடுத்துக் கொடுக்கிறாள். "என்ன ஆனாலும் என்ற பேரச் சொல்லு கண்ணு. நான் நிக்கறேன்" என்கிறாள். கதை அத்தோடு முடிந்தது.

மறுபடி போய்ப் படித்துக் காட்டினேன். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பறம் அந்தப் புள்ளைக்குக் கை என்ன அளவு வெச்சா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து ஒரு வரி சேர்த்தேன். அளவு நோட்டு, புதுப் பக்கம். தை மாதம், அதே பெயர். கை 6.